ஆவுடை வெட்டிய வாசகங்கள்

கால கொஞ்சம் பாத்து வைங்க தம்பி, பெட்டிக்குள்ள கண்ணாடி இருக்கு. படல, படல, நீங்க பதறாதிய. மேல கம்பியில வைக்கச் சொன்னான் கண்டக்டர். மேல வச்சா கயத்தாறு தாண்டுததுக்குள்ள பொடிப்பொடியாப் போயிரும், உமக்கென்னவே தெரியும்னு சொல்லிட்டு காலடியிலயே வச்சுக்கிட்டேன். நீங்களும் மதுரைக்குத்தானா? நல்லதாப் போச்சு. அந்தக் காதுல சொருகியிருக்கத எடுத்துருங்க. ஓடுத பஸ்ஸுல பாட்டு கேட்டா தலை சுத்தும். நான் சொன்னா சரியா இருக்கும்.

பேரு குற்றாலிங்கம். பாளையங்கோட்டைதான். குடிதண்ணி ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு கேளுங்க. கேக்க மாட்டிய, மரியாதையான புள்ளையா இருக்கிய. நானே சொல்லுதேன். உள்ள இருக்கது பூராம் நான் பேசுன பேச்சு.

சிரிக்காதிய, நெசமாத்தான். காப்பி கிளாசு, மோர் கிளாசு, தண்ணி ஜக்குன்னு எல்லாத்துலயும் நான் வீட்ல பேசுனத எழுத்தா வெட்டி வச்சிருக்கா என் பொண்டாட்டி. கல்யாணச் சீருக்கு எவர்சில்வர் பாத்திரத்துல புள்ளி புள்ளியா பேரு வெட்டுவாங்கல்லா? அந்த மாதிரி, ஆனா கண்ணாடியில. மதுரையில மகளிர் குழுக்காரங்க விற்பனை நடக்கு, அங்க ஸ்டால் போட்டுருக்கா. கொண்டுபோன சரக்கெல்லாம் தீந்துட்டாம், வீட்ல மிச்சம் இருக்கத எடுத்துக்கிட்டு வாங்கன்னு போன் பண்ணுனா. அதான் போயிட்டிருக்கேன். ஒரு மனுசன் வாயில இருந்து வந்தத ஊர்க்காரங்க காசு குடுத்து வாங்குதாங்கன்னா, அது சாதாரண விசயமில்ல பாத்துக்கிடுங்க.

ஆனா எனக்கு ஒரு மனக்குறை இருக்கு தம்பி. அதச் சொல்லணும்னா மொதல்ல இருந்து வரணும்.

அவ பேரு ஆவுடையம்மாள். நான் ஆவுடைன்னு கூப்பிடுவேன். நான் ரிட்டயர் ஆன வருசம் எங்க மக நிவேதா பெங்களூர்ல இருந்து வந்திருந்தா. வரும்போது ஒரு மிஷின் கொண்டாந்தா. பேனா தண்டிதான் இருக்கும். பல் டாக்டர் வாய்க்குள்ள விட்டு ங்ஙீன்னு ஒரு சத்தம் போடுவாருல்லா, அதே சத்தம். முனையில வைரத்தூள் ஒட்டியிருக்குமாம். கண்ணாடிமேல வச்சு இழுத்தா வெள்ளையா கோடு விழும். "அம்மா, அப்பா இனிமே நாள்பூராம் வீட்லதான் இருப்பாரு, உனக்கும் பொழுது போகணும்லா"ன்னு சொல்லி ஆவுடை கையில குடுத்தா. நான் வீட்ல இருந்தா அவளுக்குப் பேச்சுத்துணை ஆயிரும், பெறகு எதுக்குத் தனியா பொழுது போகணும்? நிவேதா படிச்ச புள்ளதான், ஆனா இந்த மாதிரி விசயத்துல அவளுக்கு வெவரம் பத்தாது.

மொதல்ல பூ வெட்டுனா. மாங்கா, மயிலு, கோலம்னு பழகுனா. தாள்ல படம் வரைஞ்சு கிளாசுக்கு உள்பக்கமா ஒட்டிருவா. வெளிய தெரியும்லா, அதும்மேலயே மிஷின ஓட்டுவா. மூக்குல துணியக் கட்டிக்கிட்டு, தூள் பறக்காம இருக்க ஈரப் பஞ்ச வச்சு அப்பப்ப ஒத்திக்கிட்டு, ஒரே நோக்கா உக்காந்திருப்பா. நான் பக்கத்துலயே சேரப் போட்டு ஊக்கம் குடுத்தேன். இங்க கோணிட்டு, அங்க பிசிறடிக்கு, அந்த மயிலுக்குக் கழுத்து ஒட்டகம் மாதிரில்லா இருக்குன்னு எடுத்துச் சொல்லுவேன். ஒரு ஆளு பக்கத்துல இருந்து கவனிச்சாத்தான் கலை வளரும். கொஞ்ச நாள்ல அவ மிஷினத் தூக்கிக்கிட்டு பின்பக்க ரூமுக்குப் போயிட்டா. கண்ணாடித் தூசி எனக்கு ஆகாதாம். என்மேல அம்புட்டு அக்கறை. கதவையும் உள்ள தாப்பா போட்டுக்கிடுவா, தூசி வெளிய வந்துரக்கூடாதுன்னு.

அக்கம்பக்கத்துல பேரு பரவிட்டு. ஆஸ்பத்திரியில நர்சா இருக்க ஸ்டெல்லா, மக கல்யாணத்துக்கு ரெண்டு பேரு பேரையும் போட்டு ஒரு ஜோடி கிளாசு கேட்டா. பக்கத்து வீட்டு எசக்கியம்மா, வயசானவ, கைநடுக்கம் உள்ளவ, அவகூட பேத்திக்குப் பால் கிளாசுல ஆனை வேணும்னா. இந்தத் தமிழ் எழுத்து கண்ணாடியில வெட்டுதது லேசுப்பட்ட சோலி இல்ல தம்பி. இங்கிலீசுன்னா கோடு கோடா இழுத்துட்டுப் போயிரலாம். நம்ம எழுத்து பூராம் சுழி. வளைவுல முனை வழுக்கும். ஞ வந்துட்டுன்னா ஆவுடை மூச்சையே புடிச்சுக்கிடுவா. நான் சன்னல் வழியாப் பாத்திருக்கேன்.

ஒருநா காலையில காப்பி வழக்கமா வார டவரா டம்ளர்ல வரல. கண்ணாடி கிளாசுல வந்துச்சு. வாங்கி ஒரு மடக்கு குடிச்சேன். "சூடு பத்தல"ன்னு சொல்ல வாயத் தொறக்கேன், கண்ணுக்கு நேரா எழுதியிருக்கு, "சூடு பத்தல"ன்னு. முத்து முத்தா.

"என்னட்டீ இது?"

"தெனமும் சொல்லுதியள்ளா. தொண்டைக்குப் பாவம்னு எழுதி வச்சுட்டேன்"னா.

எனக்குக் கண்ணு கலங்கிட்டு. எத்தன பேரு வீட்ல பொண்டாட்டிமாரு புருசன் தொண்டையப் பத்தி நினைக்காவ, சொல்லுங்க?

பெறகு ஒண்ணு ஒண்ணா வந்துச்சு. தண்ணி கிளாசுல "நான் அப்பவே சொன்னேன்". அது நான் அடிக்கடி சொல்லுததுதான். அப்பவே சொல்லியிருப்பேன், கேக்க மாட்டாவ. மோர் கிளாசுல "இத இங்க யாரு வச்சது?" வீட்ல இருக்கது நாங்க ரெண்டே பேரு, இருந்தாலும் யாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிடணும்லா. ஜக்குல சுத்தி வர, "ஃபேன நிறுத்தாமப் போறது யாரு, கரண்டு என்ன உங்கப்பன் வீட்ல இருந்தா வருது?" அது கொஞ்சம் நீளமான வாசகம். ஜக்க ஒரு சுத்து சுத்துனாத்தான் படிச்சு முடிக்க முடியும். அவுக அப்பா கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்தவரு, அது வேற விசயம்.

வாசகம்னு நாந்தான் சொல்லுவேன். அவ டயலாக்கும்பா.

என்கூட காலையில நடக்க வாரவரு அருளானந்தம், டிராயிங் மாஸ்டரா இருந்தவரு. ஒருநா காப்பி குடிக்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அவருக்கு வந்த கிளாசுல "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு"ன்னு இருந்துச்சு. படிச்சாரு பாருங்க, காப்பி மூக்கு வழியா வந்துட்டு. புரையேறி, கண்ணுல தண்ணி வந்து, "வே குத்தாலிங்கம், இது எங்க வீட்லயும் ஓடுத படம்லாவே"ன்னாரு. ரசிகன்னா அப்பிடி இருக்கணும். ஆனா ரெண்டு நாள் கழிச்சு அவரு சம்சாரம் எங்க வீடு தேடி வந்து அதே மாதிரி அரை டஜன் வேணும்னு சொல்லிட்டுப் போச்சு. அதுல இருந்து மனுசன் கொஞ்ச நாளு என்கூட நடக்க வரல. எதுக்குக் கோவம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

அதுக்குப் பெறகுதான் பாளையங்கோட்டை பொருட்காட்சி. மகளிர் குழுவுல ஆவுடைக்கு ஒரு மேசை குடுத்திருந்தாவ. ஒரு பக்கம் பூப்போட்டது, பேரு போட்டது. இன்னொரு பக்கம் என் வாசகம். தம்பி, கூட்டம்னா கூட்டம், தேர்க்கூட்டம். பொம்பளையா வந்து எடுத்துப் படிக்காவ, பக்கத்துல நிக்கவள இடிக்காவ, சிரிக்காவ. "ஏ, இது எங்க வீட்டுக்காரருட்டீ!" "எங்க மாமனார் இங்க எப்ப வந்தாரு?"ன்னு ஒரே சத்தம். அவங்கவங்க வீட்டு வாசகத்தச் சொல்லி, இதையும் எழுதிக் குடுங்க அக்கான்னு ஆர்டர் வேற. ஒருத்தி வீட்ல "நான் என்ன சும்மாவா இருக்கேன்?"ன்னு சொல்லுவாராம், சோபாவுல படுத்துக்கிட்டே. 

நான் பக்கத்துல உக்காந்து பேப்பர் சுத்தி பையில போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். ஆவுடை என்னயக் கைகாட்டி, "இவுகதான்"னா. உடனே எல்லாரும் திரும்பிப் பாத்தாவ. அந்தப் பார்வையில ஒரு பக்தி இருந்துச்சு. ஒரு காலேஜ் புள்ள வந்து, "அங்கிள், அந்த 'அப்பவே சொன்னேன்' ஒரு தடவ சொல்லுங்களேன்"னு கேட்டுச்சு. எந்திச்சு நின்னு, தொண்டையச் சரிபண்ணிக்கிட்டு, வீட்ல எப்பிடிச் சொல்லுவனோ அப்பிடியே சொன்னேன். கைதட்டிட்டாவ! போட்டோ எடுத்துக்கிட்டாவ. நான் ஆபீஸ்ல இருந்த காலம்பூராம் பேசியிருக்கேன், ஒருத்தன் கைதட்டுனதில்ல.

அதுக்குமேல நமக்கும் ஒரு பொறுப்பு வந்துட்டுல்லா. வெறும் காப்பி, ஃபேனுன்னு இருந்தா போதுமா, சமுதாயத்துக்குப் பிரயோசனமா நாலு கருத்து சொல்லணும்னு யோசிச்சேன். ராத்திரி பூராம் முழிச்சிருந்து யோசிச்சு "நாவடக்கமே நல்வாழ்வு", "முயற்சி உள்ளவன் முன்னால போவான்" இப்பிடிச் சிலது உண்டாக்குனேன். ஆவுடை பாவம், மறுப்பு சொல்லாம வெட்டித் தந்தா. மேசையில நடுவுல வச்சேன். ஒருத்தரும் தொடல. ஒரு அம்மா எடுத்துப் பாத்துட்டு, "இது பேங்க் காலண்டர்ல உள்ளதுல்லா?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டுப் போச்சு. சனங்க ரசனை அம்புட்டுத்தான். அந்த கிளாசெல்லாம் இப்ப வீட்ல பேனா, கத்திரிக்கோல் போட்டு வைக்க உதவுது.

இன்னொரு சிக்கலும் வந்துச்சு. பேசுத பேச்சு ஊரெல்லாம் போகுதுன்னா பாத்துப் பேசணும்லா? ஏற்கெனவே வெட்டுனதையே திரும்பச் சொன்னா என்ன மதிப்பு? அதனால காப்பி ஆறியிருந்தா நானே எடுத்துட்டுப் போயி அடுப்புல வச்சு சூடு பண்ணிக்கிட்டேன். கத்திரிக்கோல காணும்னா நானே தேடி எடுத்துக்கிட்டேன். வாயே தொறக்கல. வீடு கப்புன்னு ஆயிட்டு.

ஆவுடை ரெண்டு நாளு பாத்தா. மூணாம் நாளு என் நெத்தியில கைய வச்சுப் பாக்கா.

"என்ன, ஒண்ணும் சொல்லக் காணும்? ஒடம்புக்கு எதும் செய்யுதா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"புதுசா ஒண்ணுமே இல்லன்னா அடுத்த ஸ்டாலுக்கு நான் என்னத்த கொண்டு போக?"

சொன்னா நம்ப மாட்டிய. வேணும்னே ஃபேன ஓட விட்டுட்டுப் போவா. போயிட்டு, கதவிடுக்குல நின்னு பாப்பா. நான் எந்திச்சு நிறுத்திட்டு வந்து பேசாம உக்காந்துக்கிடுவேன். அவ மொகம் தொங்கிப் போகும். ரசத்துல உப்பே போடாம ஒருநா வச்சா. நான் டப்பாவ எடுத்து உப்பப் போட்டுக்கிட்டு சாப்பிட்டு எந்திச்சேன். கலைஞனுக்கு இந்த மாதிரி சோதனையெல்லாம் வரும்.

இந்தச் சமயத்துலதான் சங்கரன்கோவில்ல இருந்து எங்க அக்கா வந்தா, பிச்சம்மா. அப்பா போன பெறகு எங்கள வளத்தவ. சொல்லு ஒண்ணொண்ணும் வெட்டுக்கத்தி. வந்தவ தண்ணி கேட்டா. கிளாசு வந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சா. அலமாரியத் தொறந்து எல்லாத்தையும் படிச்சா. படிச்சு முடிச்சுட்டு தண்ணி குடிக்கல.

"ஏலே, ஒம் பொண்டாட்டி ஒன் மானத்த கிளாசு கிளாசா வித்துக்கிட்டு இருக்கா. நீ பக்கத்துல உக்காந்து பையில போட்டுக் குடுக்கியாம்லா! ஊரே சிரிக்குலே."

"அக்கா, ஒனக்குக் கலையப் பத்தித் தெரியாது."

"எனக்குக் கலை தெரியாதுல. கேலி தெரியும்."

சொல்லிட்டு பையத் தூக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிட்டா. மத்தியானச் சாப்பாடு கூட சாப்பிடல.

அவ படிக்காதவன்னு சொல்லிக்கிட்டேன். சொல்லிக்கிட்டேனே தவிர தம்பி, அன்னைக்குச் சாயந்திரம் அலமாரி முன்னால நின்னு நானும் ஒண்ணொண்ணாப் படிச்சேன். எல்லாம் நான் சொன்னதுதான், ஒரு எழுத்து மாறல. ஆனா வரிசையா நிக்க வச்சு மொத்தமாப் படிக்கும்போது, யாரோ ஒரு ஆளு வீட்டுக்குள்ள உக்காந்து விடாம கத்திக்கிட்டே இருக்க மாதிரி இருந்துச்சு. எனக்குக் கொஞ்சமும் புடிக்காத ஆளு. எங்க எதிர்வீட்டு பால்சாமி மாதிரி ஒரு ஆளு.

அடுக்களைக்குப் போனேன். ஆவுடை அவரைக்கா நறுக்கிக்கிட்டு இருந்தா.

"ஆவுடை, இது கேலியா?"

அவ நிமிரல. "நீங்க சொன்னததான எழுதியிருக்கேன். நானா ஒரு புள்ளி சேக்கல."

"சரி. நல்லதா நான் ஒண்ணுமே சொன்னதில்லையா?"

அப்ப நிமிந்து பாத்தா. அவ சிரிச்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன், அதோட போயிருக்கும். அவ சிரிக்கல. கத்தியக் கீழ வச்சா. "இருங்க. யோசிச்சுச் சொல்லுதேன்"னா.

யோசிச்சா தம்பி! அதத்தான் என்னால தாங்க முடியல. பட்டுன்னு ரெண்டு சொல்ல வேண்டாமா? கல்யாணமாகி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. மறுநாளு சாம்பார் கிண்டிக்கிட்டு இருக்கும்போது போயி நின்னு, "ஞாபகம் வந்துச்சா?"ன்னேன். "பொறுங்க"ன்னா. துணி காயப்போடும்போது கேட்டேன். "தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்"னா. தேடுதாளாம், மண்ணுக்குள்ள விழுந்த கம்மலத் தேடுத மாதிரி.

நானும் ஒத்தாசை பண்ணுனேன். "நிவேதாவ ஸ்கூல்ல சேக்கும்போது ஹெட்மாஸ்டர்கிட்ட நல்லாப் பேசுனேன்லா?"

"அது சண்டைல்லா போட்டிய. புள்ள அழுதுட்டு."

"உங்க அப்பா தவறுன அன்னைக்கு வந்தவங்களுக்கெல்லாம் நாந்தான ஆறுதல் சொன்னேன்?"

"பந்தல் சாஞ்சிருக்குன்னு பந்தல்காரன வஞ்சிய."

"மொத மொத உன்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப?"

"கேசரியில முந்திரி கம்மின்னிய."

கம்மியாத்தான் இருந்துச்சு. ஆனா அத இப்ப அவகிட்ட நான் சொல்லிக்கிடல. என்னன்னு தெரியல, அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. மனுசனுக்கு வயசாயிட்டுன்னா செரிமானம் கொறஞ்சிரும்.

இப்பிடியே நாளு போச்சு. நான் கேக்கத விட்டுட்டேன். ஒருநா பென்சன் விசயமா ஆபீசுக்குப் போயிட்டு வெயிலோட வீட்டுக்கு வாரேன், பின்ரூம்ல மிஷின் சத்தம். கதவு தாப்பா போடல. எட்டிப் பாத்தேன். நெத்தியில வேர்வை வழிய ஆவுடை ஒரு சின்ன கிளாச வச்சு வெட்டிக்கிட்டு இருந்தா. முடிச்சு, பஞ்சால தொடைச்சு, ஊதி, எந்திச்சு வந்து என் கையில குடுத்தா.

"இந்தாங்க. கெடச்சுட்டு."

வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். "நாந்தான் ஒடச்சேன்."

அம்புட்டுத்தான். ரெண்டே வார்த்தை.

"என்னத்தட்டீ ஒடச்சேன்? இதுவா நல்ல பேச்சு?"

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"சத்தியமா இல்ல."

அவ கீழ உக்காந்துட்டா. உக்காந்து சொன்னா. கல்யாணமாகி வந்த புதுசாம். எங்க அப்பா கொழும்புல கடை வச்சிருந்த காலத்துல கொண்டாந்த கண்ணாடி ஜாடி ஒண்ணு உண்டு, எங்கம்மா அதுல நார்த்தங்கா போட்டு வச்சிருப்பா. அப்பா ஞாபகமா இருக்க ஒரே சாமான். யாரையும் தொட விடமாட்டா. இவ தூசி தட்டுறேன்னு எடுத்திருக்கா. கை வழுக்கிட்டு.

"அத்தை தெருப்பைப்புல தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்தாவ. சத்தம் கேட்டு கொடத்தோட ஓடி வாராவ. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்க முத்தத்துல ஷேவிங் பண்ணிக்கிட்டு இருந்திய. ஒரு கன்னத்துல சோப்பு. வாசல்ல வந்து நின்னிய. என்னயப் பாத்திய. கீழ கெடந்ததப் பாத்திய. அத்தை உள்ள வந்ததும், 'நாந்தான் ஒடச்சேன்'னு சொல்லிட்டுத் திரும்பிப் போயி அடுத்த கன்னத்த செரச்சிய. அத்தை உங்கள எருமை, எருமைன்னு அழுதுக்கிட்டே வஞ்சாவ. நீங்க கண்ணாடியப் பாத்துக்கிட்டு நின்னிய. அதப் பத்தி பெறகு என்கிட்ட ஒரு வார்த்தை நீங்க பேசல. நல்லவேளை பேசல."

"எனக்கு ஒண்ணும் ஞாபகத்துல இல்லையேட்டீ."

"உங்களுக்கு எதுக்கு இருக்கணும்? எனக்கு இருக்கு. அத வச்சுத்தான் இம்புட்டு நாளும் ஓட்டுதேன்."

அத வச்சு ஓட்டுததுக்கு அது என்ன பெட்ரோலா தம்பி?

இதுதான் என் மனக்குறை. நீங்களே நியாயம் சொல்லுங்க. எத்தன வருசமா நான் பேசியிருக்கேன், அதுல இவ பொறுக்கி எடுத்தது இது. எதுகை இருக்கா, மோனை இருக்கா? கருத்து இருக்கா? எல்லாத்துக்கும் மேல, அது பொய்யி. ஆபீஸ்ல ஒரு குழாய்க்கு ரெண்டு குழாய்னு எழுதுனவன் இல்ல நான். என் பேர்ல ஒரு பொய்ய எழுதி, கண்ணாடியில அழியாம வெட்டி, அத விக்கவும் மாட்டேங்கா. மதுரைக்குப் போகும்போது துணியில சுத்தி கைப்பையில வச்சு எடுத்துட்டுப் போயிட்டா. ஸ்டால்ல அவ தண்ணி குடிக்கது அதுலதானாம். ஒரு காலேஜ் டீச்சரம்மா பாத்துட்டு, இதே மாதிரி ஒண்ணு எனக்கும் எழுதிக் குடுங்கன்னு ரொம்பக் கேட்டாவளாம். "உங்க வீட்ல சொன்னாங்கன்னா எழுதித் தாரேன்"னு சொல்லிட்டாளாம். அந்தம்மா கையில எடுத்திருந்த கிளாசயும் வச்சுட்டுப் போயிட்டாவளாம். வலிய வந்த யாவாரத்த இப்பிடிக் கெடுத்தா எப்பிடி?

இதுல இன்னொரு கூத்து இன்னைக்குக் காலையில நடந்துச்சு.

இந்தப் பெட்டிய அடுக்கிக்கிட்டு இருந்தேன். பழைய பேப்பர்ல ஒண்ணொண்ணாச் சுத்தி. எசக்கியம்மா வரட்டும், ஒத்தாசைக்கு இருப்பான்னு ஆவுடை சொல்லியிருந்தா. எனக்குப் பேப்பர் சுத்த ஆளு எதுக்கு, நானே பாத்துக்கிடுவேன்னு அவளக் கூப்பிடவே இல்ல. அதுல ஒரு ஜக்கு. மதுரையில யாருக்கோ அறுபதாம் கல்யாணம், ரெண்டு பேரு பேரையும் போட்டு, சுத்தி வர தாமரைக்கொடி. வாரக்கணக்கா உக்காந்து வெட்டுனது. ஒவ்வொரு இதழுலயும் நரம்பு தெரியும், அம்புட்டு நுணுக்கம். அதத் தூக்குதேன், கைவெரல்ல பேப்பர் வழுக்கிட்டு. தரையில விழுந்து... என்னத்தச் சொல்ல. சில்லு அலமாரிக்கு அடி வரைக்கும் ஓடிட்டு.

வெளக்குமாத்த எடுத்துக் கூட்டி அள்ளுனேன். அவகிட்ட மறைக்க முடியாதுல்லா, இன்னைக்கு அந்த ஆளுக வந்து ஜக்கக் கேப்பாவ. போன எடுத்தேன்.

"ஆவுடை, அந்தத் தாமரை ஜக்கு போச்சு. நாந்தான் ஒடச்சேன்."

சொன்ன பெறகுதான் எனக்கே காதுல விழுந்துச்சு என்ன சொல்லியிருக்கேன்னு. வையப் போறான்னு போன காதுல இருந்து கொஞ்சம் தள்ளிப் புடிச்சுக்கிட்டேன்.

"கையில குத்தலையே?"ன்னா.

"இல்ல."

"எசக்கியம்மா நல்லா இருக்காளா? பயந்து போயிட்டாளா?"

"எசக்கியம்மா எங்க வந்தா? நாந்தான்..."

"சரி, சரி. அவளுக்குக் கை நடுங்கும், நாந்தான் அவள வரச் சொல்லியிருக்கக் கூடாது. அவள ஒண்ணும் சொல்லிராதிய."

"ஏட்டீ, அவ வரவே இல்ல. சத்தியமா நாந்தான் ஒடச்சேன்."

"ஆமா, நீங்கதான். நான் நம்புதேன், போதுமா? அந்த ஜக்க நான் திரும்பச் செஞ்சு குடுத்துக்கிடுதேன், அவங்ககிட்ட பேசிக்கிடுதேன். நீங்க பாத்து வாங்க. வெயில் அடிக்காத பக்கமா உக்காருங்க."

அவ சொன்னதக்கூட விடுங்க. சொன்ன குரல் இருக்கு பாருங்க. கல்யாணமான புதுசுல அந்தக் குரல்ல பேசுவா. அது எங்க போச்சுன்னு நான் கேட்டதும் இல்ல, அவ சொன்னதும் இல்ல. போயிட்டுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். உள்ளயேதான் வச்சிருந்திருக்கா, எடுத்துக் குடுக்க நேரம் வரல.

உண்மையச் சொன்னா நம்ப மாட்டேங்கா, பொய்யப் பையில வச்சு சுமக்கா. இந்த லெட்சணத்துல ஒண்ணும் அறியாத எசக்கியம்மா மேல பழி. அது பாவம்லா? அதனால இன்னைக்கு நேர்ல போயி உக்கார வச்சு, வெளங்கும்படியா எடுத்துச் சொல்லிரணும்னுதான் கெளம்புனேன். நடந்தது நடந்தபடி. பேப்பர் வழுக்குனதுல இருந்து.

ஆனா இப்பிடி வச்சுக்கிடுங்க. ஸ்டாலுக்குள்ள போறேன். அவ என்னயப் பாத்துட்டு அதே குரல்ல "வந்துட்டியளா"ன்னு கேக்கா. அப்ப போயி, இல்லட்டீ, எசக்கியம்மா வரல, வேணும்னா அவகிட்டயே போன் போட்டுக் கேளுன்னு சொல்லணுமா? நீங்கன்னா சொல்லுவியளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்களும் சிரிக்கிய. சிரிக்காம சொல்லுங்க.

அந்தா, கோவில்பட்டி வந்துட்டு. இங்கன கடலமிட்டாய்க்காரன் ஏறுவான். நல்ல மிட்டாய், வெல்லப்பாகு. எசக்கியம்மாவுக்கு ரெண்டு பாக்கெட்டு வாங்கி வச்சுக்கிடுதேன், ஊருக்குத் திரும்புனதும் குடுத்துரலாம். அவளுக்கு வாயில பல்லு கிடையாது. சப்பியாவது திம்பா.